கடலைப் பார்த்துக் கிடந்த நாற்காலி

ஆளில்லாத கடற்கரையில் ஒரு நாற்காலி கிடந்தால் சங்கரன்கோவில்காரன் என்ன செய்வான்? உட்காருவான். நானும் உட்கார்ந்தேன்.

சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கல்யாண மண்டபத்திலும் சாவு விழுந்த துட்டி வீட்டிலும் அடுக்கி வைத்திருப்பார்களே, அந்த ரகம். நாலு காலும் மணலில் நன்றாகப் புதைந்திருந்தன. முகம் கடலைப் பார்த்து இருந்தது. உட்காரும் இடத்தில் மடித்த வெள்ளைச் சட்டை, அதன்மேல் கைலி மாதிரி உடுத்துகிற சாரம், அதுவும் மடித்தது, எல்லாவற்றுக்கும் மேலே காற்று தூக்கிக்கொண்டு போய்விடாதபடி ஒரு கருங்கல்.

யாரோ குளிக்க இறங்கியிருக்கிறார் என்று நினைத்தேன். துணிகளைக் கல்லோடு சேர்த்து, மடிப்புக் கலையாமல் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். அடுத்தவர் பொருளைப் பத்திரமாக வைத்துக்கொள்வதில் எங்கள் வீட்டில் கண்டிப்பு அதிகம். கடலில் போட்ட நூலோடு என் தூண்டில் கம்பு இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நின்றது. முதுகு சாய்ந்ததும் ஒரு சுகம். ஐம்பதை நெருங்கும் உடம்புக்கு நாற்காலியைவிடப் பெரிய தரிசனம் கிடையாது.

குளிக்கிறவர் எங்கே என்று பார்த்தேன். கண் எட்டும் தூரம்வரை கடலில் ஒரு தலை தெரியவில்லை.

‘அதுல இருந்து எந்திரிங்க’ என்று பின்னால் ஒரு பெண்குரல் சொன்னது. அந்தக் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

‘அதுக்கு ஆளு இருக்கு.’

கரிசலில் ஒரு தூண்டில் கூட்டம்

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் ஐஸ் பெட்டி ஏற்றிய வண்டியோடு முடிந்துவிடும். மழை பெய்தால் காலைப் பிடித்துக்கொள்ளும், பெய்யாவிட்டால் பாளம் பாளமாக வெடிக்கும் மண் எங்களுடையது. மீன் என்பது செவுளைத் தூக்கிப் பார்த்து, ‘இது நேத்து மீனுல்லா’ என்று குறை சொல்லிவிட்டு வாங்க வேண்டிய ஒரு சாமான். அது உயிரோடு எங்கோ நீந்திக்கொண்டிருந்தது என்பதை நாங்கள் யோசிப்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் முருகையா ஒரு தூண்டில் கூட்டம் ஆரம்பித்தான். முருகையா என் பள்ளித்தோழன். விசைத்தறிக்கு உதிரிப்பாகம் விற்கிற கடை வைத்திருக்கிறான். ரத்தக்கொதிப்பு என்று சொன்ன டாக்டர், மனசுக்குப் பிடித்த ஏதாவது ஒரு பொழுதுபோக்கையும் சேர்த்து எழுதிக்கொடுத்துவிட்டார். ஊரில் மற்றவர்கள் நடக்கப் போனார்கள். இவன் கடலுக்குப் போனான்.

தனியாகப் போனால் பேச்சுத் துணை இல்லை. என்னைப் பிடித்துக்கொண்டான். எனக்கு அரசாங்க அலுவலகத்தில் வேலை. சனிக்கிழமை சும்மா இருப்பேன். மற்ற நாட்களிலும் அப்படித்தான் என்று முருகையா வெளியே சொல்லிக்கொண்டு திரிகிறான்.

விடிந்தும் விடியாமலும் அவனுடைய ‘கடல் நிலவரம்’ எங்கள் செல்போன்களில் வந்து விழும். ‘காற்று வாடை. வேகம் மிதம். நீர் கலங்கல். நீரோட்டம் தெற்கு. கொடுவா கூடும். மடவை உறுதி.’ வானொலிச் செய்தி போல இருக்கும். குடிதண்ணீர் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாத ஊரில், கடல்தண்ணீர் எப்போது ஏறும் என்று தெரிந்து வைத்திருந்த ஒரே மனிதன் அவன்தான்.

ராயகிரியில் இருக்கிற என் சித்தி இந்தப் பழக்கத்தைக் கேள்விப்பட்டு போன் செய்தாள். ‘ஏன் ஜெபம், மீனு வண்டியேறி நம்ம ஊருக்கு வருது. நீ வண்டியேறி மீனு ஊருக்குப் போற. வழியில எங்கயும் பாத்துக்கிட்டா ஒரு வணக்கமாவது வச்சுக்கிடுங்க.’

 சித்தியிடம் பெருமையாகச் சொல்லும்படி நான் எதையும் பிடித்ததில்லை. என் தூண்டிலில் கெளுத்தியைத் தவிர வேறு எதுவும் மாட்டியது கிடையாது. அதுவும் வேறு ஏதோ ஜோலியாகப் போய்க்கொண்டிருந்த கெளுத்தி.

நூல் மட்டும் எங்களிடம் உயர்ந்த ரகம். தறிக்காரன் அல்லவா. ‘நூலு அறுந்து போச்சுன்னு ஒருத்தன் சொல்லிரக் கூடாதுவே. நம்ம தொழிலுக்கே கேவலம்’ என்று சொல்லி, சுறாவைக் கட்டி இழுக்கிற அளவுக்குப் பின்னல் நூல் வாங்கி இரண்டு ரீலிலும் சுற்றி வைத்திருந்தான். அதைக் கொண்டு நான் கெளுத்தி பிடித்தேன்.

வாசம் இல்லாத ஊர்

இது நடந்தது சமீபத்தில்தான். ஐப்பசி முடிகிற சமயம். மேற்கே மலையில் பெய்த மழை ஆறுகளில் இறங்கி, செம்மண் நிறத்தில் கடலுக்குள் போய்க்கொண்டிருந்த நாட்கள்.

அந்த நேரத்தில் எங்கள் பக்கத்துக் கடல் வேறு மாதிரி ஆகிவிடும். கோடையில் கச்சான் காற்றோடு தெற்கிலிருந்து வந்த ஓட்டம் திரும்பிவிடும். காற்று வடகிழக்கிலிருந்து, வாடையாக, ஈரத்துணியைப் போல முகத்தில் வந்து படும். கரையோரத்தில் தண்ணீர் பழுப்பு. அதற்கு அப்பால் பச்சை. இரண்டுக்கும் நடுவில் சாக்பீஸால் இழுத்த மாதிரி ஒரு கோடு. ஆற்றிலிருந்து அடித்து வருகிற இரையைத் தேடி மீன்கள் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கரைக்கு மிக அருகில், வந்துவிடும். படகு இல்லாத எங்களைப் போன்றவர்களுக்கு வருடத்தில் இது ஒன்றுதான் அறுவடைக் காலம்.

அடுத்த நாளிலிருந்து காற்று கடுமையாக இருக்கும், அன்று சாயங்காலம்வரை அமைதி என்று முருகையாவின் செல்போன் சொன்னது. ‘புயலுக்கு முந்துன நாளு மீனு வெறி புடிச்சுத் திங்கும்வே’ என்றான். மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவனுடைய பழைய வேனில் கிளம்பினோம். திருச்செந்தூர் தாண்டி, தேரி மணலைத் தாண்டி, ஒரு சின்னக் கடற்கரை ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்கள் விரும்பமாட்டார்கள்.

ஊருக்குள் நுழைந்ததுமே ஏதோ குறைந்தது. என்னவென்று பிடிபடவில்லை. கோயில் இருந்தது, கொடிமரம் இருந்தது, மாதா கெபியில் மெழுகுவர்த்தி எரிந்தது. வீடுகளில் அடுப்புப் புகை. ஆனால் தெருவில் ஒரு பிள்ளை விளையாடவில்லை. டீக்கடை பாதி சாத்தியிருந்தது. கரைக்குப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. மீன் வாசமே இல்லை. கருவாடு காயவில்லை. வலைகள் எல்லாம் ஒரே மாதிரி மடித்துக் கிடந்தன. சின்ன வள்ளங்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். பெரிய படகுகள் இருக்க வேண்டிய இடத்தில் அடித்தடம் மட்டும் இருந்தது.

கடற்கரை ஊரில் மீன் வாசம் இல்லாமல் நிற்பது, ஆட்கள் நிறைந்த வீட்டில் ஒருவரும் பேசாமல் இருப்பதைப் போல.

‘என்னவே, ஒருத்தனையும் காணல?’ என்றேன்.

‘நல்லதாப் போச்சு. போட்டியில்ல’ என்றான் முருகையா.

உள்நாட்டுக்காரன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு இது. கடலை எதிர்பார்த்தே பிழைக்கிற ஒரு ஊர் மொத்தமும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கிறது என்றால், அதற்குக் காரணம் இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவில்லை. செல்போனில் காற்றும் அலையும் சரியாக இருந்தன. அது போதும் என்று இருந்துவிட்டோம்.

அசையாத தாமரை

தண்ணீரில் எல்லாம் தெற்கே போய்க்கொண்டிருந்தன. ஆற்று வெள்ளம் கொண்டுவந்த ஆகாயத்தாமரைக் கொத்துகள், ஒரு வாழைத்தண்டு, தென்னை மட்டை, ஒற்றைச் செருப்பு. ஊர்வலம் மாதிரி, ஒன்றையொன்று முந்தாமல், கரைக்கு இணையாக.

ஒரு கொத்து மட்டும் போகவில்லை.

கரையிலிருந்து நல்ல வீச்சுக்கு எட்டுகிற தூரத்தில், அலை உடைவதற்குச் சற்று அப்பால், ஒரு ஆகாயத்தாமரைக் கொத்து நின்ற இடத்திலேயே நின்றது. அலை வந்தால் ஏறும், இறங்கும். நகராது. மற்றவை அதை உரசிக்கொண்டு தெற்கே போயின.

‘அடியில பாரு இருக்கும்’ என்றான் முருகையா. பாறை என்று அர்த்தம். மீனவர் பாஷையில் நாலு வார்த்தை கற்றுவைத்திருந்தான். ‘அதுக்குக் கீழதான் மீனு ஒதுங்கும். அங்கன போடும்.’

போட்டோம். கொக்கியில் கோத்த இறால் தண்ணீரில் பட்டதும் கம்பு வளைந்தது. முருகையாவுக்கு ஒரு கொடுவா, பிறகு இரண்டு பாரை மீன், மறுபடியும் ஒரு கொடுவா. எனக்கே ஒரு விளமீன் ஏறியது. வாழ்க்கையில் முதல்முறையாகக் கெளுத்தி அல்லாத ஒன்று. நான் அதைக் கையில் பிடித்து, அதற்கும் எனக்கும் அறிமுகம் இல்லை என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ இல்லை. மீன்கள் போராடவே இல்லை. நிறைந்த வயிற்றோடு, தூக்கத்தில் எழுப்பிய ஆள் மாதிரி வந்தன. சாக்குக்குள் போட்ட பிறகுதான் துடித்தன.

இடையில் முருகையாவின் தூண்டில் எதிலோ சிக்கியது. மூச்சுப் பிடித்து இழுத்தான். வலைத்துண்டு ஒன்று, அதோடு ஒரு மிதப்புக் கட்டை. மிதப்பில் நீலத்துணி ஒன்று கிழித்துக் கட்டியிருந்தது. ‘குப்ப’ என்று மணலில் எறிந்துவிட்டு மறுபடியும் இறால் கோத்தான்.

எனக்கு இடுப்பு வலித்தது. திரும்பிப் பார்த்தபோது அந்த நாற்காலி தெரிந்தது.

கிணற்று மேட்டு வழக்கம்

நாற்காலியில் துணியைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஏனென்றால் நான் கிணற்றில் நீச்சல் கற்றவன்.

பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் முருகையாவின் மாமா தோட்டத்தில் ஒரு கிணறு உண்டு. கோடை விடுமுறை முழுக்க நாங்கள் அதில் கிடப்போம். அங்கே ஒரே ஒரு சட்டம்தான். மேட்டில் துணி கிடந்தால், குதிக்கும் முன் எட்டிப் பார்க்க வேண்டும். துணி இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று பொருள்.

ஒரு நாள் துணி இருந்தது. எட்டிப் பார்த்தோம். ஆள் இல்லை. தண்ணீர் ஒரு வளையம்கூட இல்லாமல் கறுப்பாகக் கிடந்தது. நாங்கள் இருவரும் மேட்டில் குத்தவைத்து, அது யாரையாவது திருப்பிக் கொடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். புறா ஒன்று கிணற்றுச் சுவரிலிருந்து கிளம்பியதும் முருகையா அழ ஆரம்பித்துவிட்டான். நான் அழவில்லை. எனக்குக் குரல் வரவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அந்த ஆள் சோளக்காட்டுக்குள்ளிருந்து கோவணத்தோடு வந்து, ‘என்னலே, செத்தவன் வீட்டுல இருக்கிற மாதிரி இருக்கிய?’ என்று கேட்டார். சிரித்தோம். ஆனால் அன்று நாங்கள் குதிக்கவில்லை.

தெற்கே, தெற்கே

நாற்காலியிலிருந்து எழுந்தேன். துணிகளைக் கல்லோடு இருந்தபடியே வைத்தேன்.

நாற்பது வயது இருக்கும், குரல் கொடுத்த அந்தப் பெண்ணுக்கு. நைட்டிக்கு மேலே துண்டு போட்டிருந்தாள். முகத்தில் தூக்கமில்லாத வீக்கம். பெயர் ரோசிலின் என்று பிறகு தெரிந்தது.

‘மன்னிச்சுக்கிடுங்க. குளிக்கப் போயிருக்காருன்னு நெனச்சேன்’ என்றேன்.

‘வலைய எடுக்கப் போனான். எந்தம்பி.’

‘எப்ப வருவாரு?’

முருகையா என் காலை மிதித்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு எதுவும் புரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வீட்டில் விசாரித்துப் பார்க்கலாம்.

அவள் தானாகவே சொன்னாள். தம்பி பெயர் அமலன். கடல் கலங்குவதற்குள் போட்ட வலையை எடுத்துவிட்டு வருகிறேன் என்று, இதே இடத்திலிருந்து சின்ன வள்ளத்தில் தனியாகப் போனான். வள்ளம் தெற்கே வெகு தூரத்தில், ஆளில்லாமல், இன்னொரு ஊர்க் கரையில் ஒதுங்கியது. அன்றிலிருந்து ஊர்ப் படகுகள் எல்லாம் விடிந்ததும் தெற்கே போகின்றன. இருட்டியதும் வெறுமனே திரும்பி வருகின்றன.

‘அவன் வாரவரைக்கும் எங்க கடல்ல ஒருத்தரும் வலை போட மாட்டாவ. வீட்டுல மீனு ஆக்க மாட்டோம். அவன் கெடக்குத தண்ணியில எப்படிப் போட?’ என்றாள். ‘கரையேறி வந்தா உடுத்திக்கிடணும்லா. எங்க வழக்கம் அது. எறங்குன எடத்துல துணி வச்சிருப்போம்.’

இதை விடியற்காலம் பால் வாங்கப் போவதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் சீர்திருத்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவன். இறந்தவர்களுக்காக நாங்கள் மெழுகுவர்த்திகூட ஏற்றுவதில்லை. மூடநம்பிக்கை என்ற வார்த்தையை ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் செய்தாகிவிட்டது. அந்த வார்த்தை அன்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

‘நாளைக்குக் காத்து வச்சிரும். அதுக்கப்புறம் படகு எறங்காது. இன்னைக்கும் கெடைக்கலன்னா பெட்டியில அந்தச் சட்டைய வச்சு அடக்கம் பண்ணிரணும்னு ஊர்ல பேசி முடிச்சிட்டாவ. நான் சம்மதிக்கல.’

‘ஏன்?’ என்றான் முருகையா.

‘சட்டைய அடக்கம் பண்ணிட்டா, அப்புறம் அவனை யாரு தேடுவா?’

எங்களுக்குப் பின்னால் சாக்கு துடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

‘தெரியாமப் போட்டுட்டிய. ஒங்க மேல தப்பில்ல. நூல எடுத்துக்கிட்டுக் கெளம்புங்க’ என்றாள்.

நீலத்துணி

முருகையா சாக்கைத் தூக்கிக்கொண்டு போய் அலையில் கவிழ்த்தான். உயிர் இருந்தவை பழுப்புத் தண்ணீருக்குள் மறைந்தன. செத்துப்போன ஒரு கொடுவா மட்டும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு தெற்கே போனது.

நான் நூலைச் சுற்றினேன். சுற்ற வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதே சிக்கியிருக்கிறது. கம்பைத் தூக்கினேன். அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று கனமாக, விட்டுக்கொடுத்து, மறுபடியும் பழைய இடத்துக்கே போனது.

‘அறுத்துரும்வே. நூலுதான, போகட்டும்’ என்றான் முருகையா. நூலைப் பற்றி அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கத்தியை எடுத்து நீட்டினான். வாங்கினேன்.

தட்டுமுட்டுச் சாமான்களைப் பொறுக்கப் போனவன், மணலில் கிடந்த மிதப்பையும் காலால் ஒதுக்கினான். போகும்போது குப்பை விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நினைத்தானாம்.

ரோசிலின் அதைக் குனிந்து எடுத்தாள். துணியைத் தடவிப் பார்த்தாள்.

‘இது எங்கன கெடந்துச்சு?’

‘கடலுக்குள்ள இருந்து வந்துச்சும்மா. தூண்டில்ல.’

‘எந்தக் கடலுக்குள்ள?’

முருகையா கையை நீட்டினான். அசையாத ஆகாயத்தாமரைக் கொத்து. அதை நோக்கி, நேராக, என் கம்பின் நுனியிலிருந்து நூல் போயிருந்தது.

‘அவன் மகளோட பள்ளிக்கூடப் பாவாடை’ என்றாள் ரோசிலின். ‘வல மாறிரக் கூடாதுன்னு ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு அடையாளம். நாந்தான் கிழிச்சுக் கட்டுனேன்.’

என் கையிலிருந்த கத்தி நூலைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

‘அண்ணாச்சி. அறுத்துராதிய.’

எனக்குத் தெரிந்த ஒரே வேலை

அவள் போனில் பேசினாள். கோயில் மணி அடித்தது. கதவுகள் திறந்தன. அவ்வளவு நேரம் அந்த ஊரில் அத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. எல்லோரும் ஓடிவந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் வந்ததும் நடந்தார்கள்.

தெற்கே போன படகு ஒன்று அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தது. அதிலிருந்து குதித்து வந்தவன் லூர்து. அமலனுக்கு அண்ணன், ரோசிலினுக்கு அடுத்தவன். மிதப்பை வாங்கிப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

‘தெக்க தெக்கன்னு ஓடுனோமேக்கா’ என்றான். ‘வாசல்லயே கெடந்திருக்கான்.’

வள்ளம் தெற்கே போனதால் ஆளும் தெற்கே போயிருப்பான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அந்தப் பருவத்துக் கடல் எதையும் தெற்கேதான் கொண்டுபோகும். வலை பாறையில் மாட்டிக்கொண்டால் மட்டும் கொண்டுபோகாது.

படகில் அங்கே போக முடியாது. பாறை, உடைகிற அலை, இருட்டு வேறு இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் ஒரு முழம்கூடத் தெரியாது. ஆகாயத்தாமரைக் கொத்தும் மங்கிவிட்டது. வழி சொல்ல என் நூல் ஒன்றுதான் இருந்தது. லூர்தும் இன்னொருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, நூலைக் கையால் தொட்டபடியே நீந்திப் போவது என்று முடிவாயிற்று.

‘கம்பை ஊணி வச்சிரலாமே’ என்றான் முருகையா.

‘அலை அடிச்சா வெட்டிரும். ஆளு கையில இருக்கணும்’ என்றான் லூர்து. என்னைப் பார்த்தான். ‘இழுக்கக் கூடாது. தளரவும் விடக் கூடாது. அப்படியே வச்சிருக்கணும். கைய மாத்துனா நழுவிரும். முடியுமா அண்ணாச்சி?’

இழுக்காமலும் விடாமலும் அப்படியே வைத்திருப்பது. அரசாங்கம் என்னை இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஒரு வேலைக்குத்தான் பழக்கியிருக்கிறது. முடியும் என்றேன்.

முழங்கால் தண்ணீரில் நின்றேன். அலை திரும்பும்போது காலுக்குக் கீழே மணல் ஓடியது. ரோசிலின் பின்னால் வந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

நூல்

காற்று ஏறத் தொடங்கியது. நூல் பாடியது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. இறுக்கமான நூலில் காற்று படும்போது ஒரு சத்தம் வரும், தறிக்கூடத்தில் கரண்ட் போன பிறகும் காதில் நிற்கிற சத்தம் போல. அது என் பல்லில் கேட்டது. கரையில் யாரோ ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தார்கள்.

லூர்து போகும்போது ஒன்று சொல்லியிருந்தான். வலையைத் தொட்டதும் நூலை இரண்டு தரம் சுண்டுவான். அப்போது கரையில் இருக்கிறவர்கள் கயிற்றை இழுக்கத் தயாராக வேண்டும்.

இரண்டு தலைகளும் இன்னும் இந்தப் பக்கம்தான் தெரிந்தன. அலை உடைகிற இடத்தைக்கூடத் தாண்டவில்லை. அப்போது நூல் இரண்டு தரம் சுண்டியது.

கம்பு வழியாக, மணிக்கட்டு வழியாக, தோள்பட்டைவரை வந்தது. கம்பின் நுனி வணங்கி எழுந்ததைக் கரையில் எல்லோரும் பார்த்தார்கள். ஜெபமாலை நின்றது.

‘சுண்டுனியாலே?’ என்று ஒருவர் கத்தினார்.

லூர்து தண்ணீருக்குள்ளிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். கை காலியாக இருந்தது.

நீரோட்டம் என்று சொல்லலாம். மீன் இடித்திருக்கும் என்றும் சொல்லலாம். நான் பி.எஸ்ஸி. படித்தவன், நானே பல காரணம் சொல்லுவேன். பின்னால் நின்ற ரோசிலின் எந்தக் காரணமும் கேட்கவில்லை. கையை நீட்டி, ஒரு விரலால், நாடி பார்க்கிற மாதிரி நூலைத் தொட்டாள்.

‘தெரியுதுலே, தெரியுது. அண்ணன் வாரான். அங்கனயே இரி’ என்றாள்.

எனக்கு அழுகை வரவில்லை. குரல்தான் வரவில்லை.

பிறகு நடந்தது நிதானமாக நடந்தது. தலைகள் இருட்டுக்குள் போயின. நூல் கனத்தது, லேசானது, மறுபடியும் கனத்தது. ஒவ்வொரு அலைக்கும் கொஞ்சம் கொடுத்தேன், கொஞ்சம் வாங்கினேன். இதற்கு முன் வாழ்க்கையில் எதையும் நான் அவ்வளவு கவனமாகச் செய்ததில்லை. என் கல்யாணத்தில் தாலி கட்டியதைக்கூட. முருகையா பக்கத்தில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். 

நூல் மறுபடியும் சுண்டியது. இந்தத் தடவை அங்கிருந்து லூர்துவின் குரலும் வந்தது. வார்த்தை இல்லை, குரல் மட்டும். கரையில் இருந்தவர்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். ஒருவரும் ஏலேலோ போடவில்லை. அந்தக் கயிறு மணலில் உரசுகிற சத்தம் மட்டும் கேட்டது.

என் சட்டையைப் பிடித்திருந்த கை போனது. எனக்குப் பக்கவாட்டில், இடுப்பளவு தண்ணீரில், நிறையப் பேர் இறங்கி எதையோ வாங்கிக்கொண்டார்கள். வலையோடு வாங்கினார்கள். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கம்பின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குக் கொடுத்த வேலை. பெண்களின் அழுகை ஒரே நேரத்தில் எழுந்து, கரையேறி, வீடுகளின் பக்கமாகப் போனது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. தண்ணீர் தொடைக்கு ஏறியிருந்தது. முருகையா ஏதோ சொன்னான், காதில் விழவில்லை. அப்புறம் ரோசிலின் எனக்கு முன்னால் வந்து நின்றாள். தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தாள்.

‘விட்ருங்க அண்ணாச்சி’ என்றாள். ‘அவன் வந்துட்டான்.’

நான் விட்டுவிட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தாள், சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து.